பூனை குளிர்காய்ந்த இடம்

ஜனவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எர்வின் குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனபோது கொட்டகைக் கூரைமேல் பூனை உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக் குச்செராக்களின் சாம்பல் பூனை. குளிர் மைனஸ் பதினாலு. மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டியது. குச்செராக்கள் அடுப்பில் எதைப் போட்டு எரித்தார்களோ, மஞ்சள் புகை தெருவின்மேல் படுத்துக் கிடந்தது. இப்படிப்பட்ட நாளில் எந்தப் பூனையும் அடுப்பங்கரையை விட்டு வராது. இது வந்திருந்தது. கூரையில் ஒரு சாண் பனி. அதற்கு நடுவே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு உருகிக் காய்ந்திருந்த ஓர் இடத்தில், நாலு காலையும் மடக்கி உள்ளே வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தது.

அதன் தலைக்கு நேர் மேலே, கொட்டகையை ஒட்டிய வீட்டுச் சுவரில் ஒரு குழாய் வாய். வீட்டின் பழைய காற்று வெளியே போகிற வழி.

எர்வின் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தான். அக்டோபரிலும் ஒரு வாரம் உறைபனி விழுந்தது. அப்போது இந்தப் பூனை இங்கே வந்ததில்லை. ஏன் இப்போது வருகிறது என்று ஒரு கேள்வி தலைக்குள் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது.

வீட்டுக்குள் ட்ரூடா இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சமையலறைச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி பதினேழு காட்டியது. அவள் இருமினாள். நின்று, மூச்சைப் பிடித்து, மறுபடி இருமினாள்.

"குச்செரா வீட்டுப் பூனை நம்ம கொட்டகை மேல உக்காந்திருக்கு" என்றான் எர்வின்.

"அதுக்காவது ஒரு இடம் கெடச்சுதே."

"ரேடியேட்டர் கொதிக்குது ட்ரூடா. தொட்டுப் பாத்தேன்."

"ரேடியேட்டர் கொதிச்சா நான் ரேடியேட்டரைக் கட்டிக்கிட்டுப் படுக்கவா?" அவள் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். "அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். சனிக்கிழமை ஆட்டைக் கொண்டு வரேன்னுட்டான்."

ஆடு என்பது நாலு காலில் நிற்கிற சின்ன இரும்பு அடுப்பு. அந்தப் பக்கத்தில் எல்லோரும் அதை அப்படித்தான் சொல்வார்கள். கரியைப் போட்டால் பத்து நிமிடத்தில் அறை சுடும்.

"டாக்டர் என்ன சொன்னார்னு மறந்துபோச்சா?" என்றான் எர்வின்.

"மறக்கல. கரிப் புகையில இன்னொரு குளிர்காலம்னா வீட்லயே ஆக்சிஜன் சிலிண்டர். இருமலும் குளிரும் சேர்ந்து வேணும்னு அவர் சொல்லல. இருமல் எப்படியும் வந்தாச்சு. குளிராவது இல்லாம இருக்கட்டும்."

பேச்சு அங்கே முடிந்தது. ட்ரூடா ஒரு விஷயத்தை முடித்தால் முடித்ததுதான்.

மூன்று குளிர்காலம் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போய் வந்தவன் எர்வின். நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, கிடைத்த கரியையே வீட்டிலும் எரித்தவன். தூசி தின்றது அவன். நெஞ்சு போனது வீட்டில் இருந்தவளுக்கு. அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு எதையாவது உடைக்க வேண்டும்போல் இருக்கும். அதனால்தான் போன செப்டம்பரில் பழைய அடுப்பைப் பிடுங்கி வெளியே போட்டான். சுவருக்குப் பஞ்சுப் பலகை ஒட்டினான், ஜன்னல்களை மாற்றினான். வீட்டுக்கு வெளியே ஒரு ஹீட் பம்ப். குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பிப் போட்ட மாதிரி அது: வெளிக்காற்றில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டையும் பிடுங்கி, தண்ணீரில் ஏற்றி, ரேடியேட்டருக்கு அனுப்பும். பரணில் காற்றுப்பெட்டி. குளியலறையிலும் சமையலறையிலும் இருந்து பழைய காற்றை இழுக்கும். வெளியிலிருந்து புதுக் காற்றை பில்டர் வழியாக எடுத்துப் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் தள்ளும். இரண்டும் மெல்லிய தகடுகளுக்கு இந்தப்புறமும் அந்தப்புறமுமாக ஓடும். கலக்காது. ஆனால் போகிற காற்று தன் சூட்டை வருகிற காற்றிடம் கொடுத்துவிட்டுத்தான் போகும்.

இரண்டையும் பொருத்திய சிமோன் அப்போதே சொன்னான்: "சின்ன பம்ப்தான் போட்டிருக்கேன் சார். பெட்டி சூட்டைத் திருப்பிக் குடுக்குது, அதனால இதுவே போதும். ஒண்ணை நம்பித்தான் இன்னொண்ணு." சுரங்கக் கூரைக்கு முட்டுக் கொடுக்கிற இரும்புத் தூணை இரண்டு பேர் தோளில் தூக்கிப் போவதுபோல என்று எர்வின் புரிந்துகொண்டான்.

அக்டோபரில் ட்ரூடா விடியும்வரை தூங்கினாள். இருமல் சத்தம் இல்லாத வீட்டில் அவனுக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஒரு மாதத்தில் பில்டரைக் கழற்றியபோது அது சுரங்கத்திலிருந்து ஏறி வந்தவன் முகம் மாதிரி கறுப்பாக இருந்தது. "இவ்வளவும் எனக்குள்ள போயிருக்கணும்" என்று அவள் அதைத் தெருக்காரர்களுக்கெல்லாம் காட்டினாள்.

டிசம்பரில்தான் எல்லாம் கோணியது.

பூனையைப் பார்த்த அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே சிமோனுக்குப் போன் போட்டான்.

"பதினேழா?" என்றான் சிமோன். பின்னால் எங்கோ துளையிடும் சத்தம். "பம்ப் ஓடுதா?"

"நிக்கவே இல்ல. ராப்பகலா ஓடுது."

"செட்டிங்ல கை வெச்சீங்களா சார்?"

"நான் கெடுக்கிறவன் இல்ல தம்பி. பதினேழு வருஷம் காத்துப் பிரிவுல இருந்திருக்கேன். பூமிக்குள்ள எண்ணூறு மீட்டர்ல காத்து அளந்தவன்."

"சரி சார், சரி. பில்டர் அடைச்சிருக்கான்னு பாருங்க. இந்தக் குளிர்ல ஊரே கூப்பிடுது, திங்கட்கிழமைக்கு முன்னால வர முடியாது."

திங்கள் என்றால் ஆடு வந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். எர்வின் தானே தேடுவதென்று முடிவு செய்தான்.

புதன்கிழமை பில்டரைக் கழற்றினான். அடைத்திருக்கும் என்று நினைத்தான். இல்லை. லேசான சாம்பல் நிறம், அவ்வளவுதான். ஆறு வாரம் ஓடிய பில்டர், ஊர் முழுக்கப் புகை, இது மட்டும் இவ்வளவு சுத்தம். ட்ரூடாவிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

"ஊர்ல புகை குறைஞ்சிருக்கும்" என்றாள்.

"ஜன்னலைப் பாத்துச் சொல்லு."

அவள் பார்த்தாள். எதிர்வீடு தெரியவில்லை. இருமினாள். "அப்போ எனக்குள்ள போறது எந்த வழியா வருது?" என்றாள். கோபத்தில் கேட்கவில்லை. அவளுக்கும் அது வியப்பாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை வாசல் கதவு. வெளிப்பக்கம் திறக்கிற கதவு, தள்ளினால் முதலில் பிடித்துக்கொண்டு, அப்புறம் விட்டது. குளிரில் ரப்பர் விறைத்திருக்கும் என்று கிளிசரின் தடவினான். அப்படியும் பிடித்தது. இந்தப் பிடிப்பு கைக்குப் பழக்கமானது என்று தோன்றியது. எங்கே பழகியது என்று பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை, சுரங்கத்தில் செய்கிற மாதிரியே செய்தான். தலையணையிலிருந்து ஒரு இறகைப் பிடுங்கி, நூலில் கட்டி, குளியலறையில் காற்றை இழுக்கிற துளைக்கு முன்னால் பிடித்தான். இறகு பறந்துபோய் ஒட்டிக்கொண்டது. சமையலறையிலும் ஒட்டிக்கொண்டது. நல்ல இழுப்பு. இழுப்பு இருக்கிறவரை காற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுரங்கத்தில் முதல் நாள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. திருப்தியோடு ஸ்டூலை விட்டு இறங்கினான். வெப்பமானி பதினாறரை.

கொல்லையில் பூனை இருந்தது. ஏணி போட்டு ஏறி, பூனையை நகர்த்தாமல், குழாய் வாயில் கையை வைத்தான். வெதுவெதுவென்று இருந்தது. பூனை ஒரு கண்ணைத் திறந்து, இது என் இடம் என்பதுபோல் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

சனிக்கிழமை பத்து மணிக்கு அல்ஃபோன்ஸ் வந்தான். ட்ரூடாவின் அண்ணன். இன்னும் சுரங்கத்து மேல்தளத்தில் கரி பிரிக்கிற வேலை. கார் டிக்கியில் ஆடு, பின் சீட்டில் இரண்டு மூட்டைக் கரி.

"கடவுள் துணை. என்ன மச்சான், சுரங்கத்துக்காரன் வீட்ல கரி இல்லாம கைய ஊதிட்டு நிக்கிற? ஊர்ல சொன்னா நம்ப மாட்டாங்க."

"சொல்லாத."

"ஏற்கனவே சொல்லிட்டேன்." அல்ஃபோன்ஸ் அடுப்பை மார்போடு அணைத்துச் சமையலறைக்குத் தூக்கி வந்தான். "எங்க வைக்கலாம் ட்ரூடா? பழைய இடத்துலயா?"

பழைய அடுப்பின் புகை போன துளை, ட்ரூடா உட்காருகிற நாற்காலிக்கு மேலே சுவரில் இருந்தது. தகர மூடி போட்டு, அதன்மேல் சுரங்கத்துக்காரர்களைக் காக்கிற புனித பர்பராவின் படம் போட்ட காலண்டரை மாட்டியிருந்தார்கள். அல்ஃபோன்ஸ் காலண்டரைக் கழற்றினான். பின்னால் வெள்ளைச் சுவரில், மூடியைச் சுற்றி, கதிர் மாதிரி கறுப்புக் கோடுகள்.

"நவம்பர்ல வெள்ளை அடிச்ச சுவரு" என்றாள் ட்ரூடா.

"புகைக்கூடுன்னா கரி இருக்கத்தான் செய்யும்." அவன் மூடியை நெம்பி எடுத்தான். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. புகை நாற்றத்தோடு அடித்தது. ட்ரூடா எழுந்து ஜன்னல் பக்கம் நகர்ந்து இருமினாள்.

"கூடு குளிர்ந்துபோய்க் கிடக்கு. கொஞ்சம் சூடு காட்டினா இழுக்க ஆரம்பிச்சுரும்." அல்ஃபோன்ஸ் செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, துளைக்குள் நீட்டினான்.

சுடர் மேலே போகவில்லை. வளைந்து, நாக்கை நீட்டி, அவன் முகத்துக்கே வந்தது. புகை அறைக்குள் கொட்டியது. அவன் பின்னால் குதித்து, புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"காக்கா கூடு கட்டியிருக்கும்" என்றான். "இரு, கம்பி கொண்டு வரேன். மேலேருந்து குத்திரலாம்."

அவன் வெளியே போனான். கூரை ஏணி சுவரில் மோதும் சத்தம் கேட்டது. எர்வின் கருகிய தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அசையாமல் நின்றான். அதன் நுனியில் இன்னும் கொஞ்சம் கனல் இருந்தது. மெல்லிய புகை துளையிலிருந்து விலகி, சமையலறையைக் கடந்து, இழுப்புத் துளையை நோக்கி நேராகப் போனது.

காற்று புகைக்கூடு வழியாக இறங்குகிறது.

கதவின் பிடிப்பு எங்கே பழக்கம் என்று அப்போது தெரிந்தது. சுரங்கத்தில் காற்றுக் கதவு அப்படித்தான் பிடிக்கும். ஒரு குழியின் வாயில் பெரிய விசிறி உறிஞ்சும். அடுத்த குழி வழியாகக் காற்று தானே இறங்கி வரும். நடுவில் இருக்கிற கதவைத் திறக்கத் தோள் கொடுக்க வேண்டும். இந்த வீடு ஒரு சுரங்கமாகியிருக்கிறது. புகைக்கூடு இறங்குகிற குழி. வேண்டிய காற்றில் பாதியை வீடு பில்டர் வழியாக எடுக்காமல் இதன் வழியாகக் குடிக்கிறது. பில்டர் சுத்தமாக இருந்தது அதனால்தான். வருகிற காற்று தகட்டைத் தொடாமல், குளிரும் கரியுமாக, நேராக ட்ரூடாவின் தலைமேல் விழுகிறது. போகிற காற்றுக்கோ சூட்டைக் கொடுக்க எதிரே போதுமான ஆள் இல்லை. அப்படியே வெதுவெதுப்பாக வெளியே போய்ப் பூனைக்கு முதுகு காய்ச்சுகிறது.

பெட்டியை இப்படி ஆக்கியது யார் என்று அவன் தேட வேண்டியதில்லை.

டிசம்பர் நாலு, பர்பரா நாள். சுரங்கத்துக்காரர்களின் திருநாள். கூடத்தில் பத்தொன்பது பேர். பீர், சிகரெட், இரத்தச் சாசேஜ், சிவப்பு முட்டைக்கோஸ். யாரோ, தலையில் காற்று விழுகிறது, கழுத்துப் பிடிக்கும் என்றார்கள். நாற்றம் தாங்கவில்லை. எர்வின் பரணுக்கு ஏறி, உள்ளே தள்ளுகிற விசிறியை ஐம்பத்தைந்து சதவீதத்திலிருந்து நாற்பதாகக் குறைத்தான், வெளியே இழுக்கிற விசிறியை அதே ஐம்பத்தைந்திலிருந்து எண்பத்தைந்தாக ஏற்றினான். கால்மணி நேரத்தில் நாற்றம் போனது. "காத்துப் பிரிவுக்காரன்னா சும்மாவா" என்று எல்லோரும் கோப்பை தூக்கினார்கள். கெட்ட காற்று முதலில் போகட்டும், நல்லது தானாக வரும். சுரங்கத்தில் அது சரி. மறுநாளும் அப்படியே விட்டான். அது ஒரு தப்பு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பெட்டியை ஒழுங்கு செய்ததாகத்தான் நினைப்பு. பிறகு குளிர் இறங்கியது.

பரணுக்கு ஏறினான். இரண்டையும் ஐம்பத்தைந்தில் வைத்தான். 

இறங்கி வந்தபோது அல்ஃபோன்ஸ் கம்பியோடு சமையலறையில் நின்றிருந்தான், தலையெல்லாம் கரி. இன்னொரு தாளைக் கொளுத்தித் துளையில் நீட்டினான். சுடர் மேலே நிமிர்ந்து, விசிலடித்துக்கொண்டு போனது.

"பாத்தியா? காக்காதான். நாலு குத்து." அவன் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. "ட்ரூடா, கரியை எடு. அரைமணியில சட்டைக் கையை மடிச்சிட்டு உக்காருவ."

ட்ரூடா மூட்டையை அவிழ்க்கக் குனிந்தாள்.

எர்வினுக்கு ஒரு கணம் அது நல்ல முடிவாகத் தெரிந்தது. காக்கை செய்தது என்று ஆகிவிட்டது. பெட்டி இனிச் சரியாக ஓடும். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆடு எரியும். எரிந்தால் வீடு சூடாகும். சூடு ஆட்டால் வந்தது என்று ட்ரூடா நம்புவாள். அப்புறம் அதை யாராலும் வெளியே எடுக்க முடியாது.

"காக்கா இல்ல" என்றான்.

"என்ன?"

"காக்கா இல்ல மச்சான். நான்தான்."

சொன்னான். பர்பரா நாளிலிருந்து ஆரம்பித்து, நாற்பது, எண்பத்தைந்து, கதவு, பில்டர், பூனை எல்லாம் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை ட்ரூடா கரி மூட்டையின் கயிற்றைக் கையில் பிடித்தபடி இருந்தாள்.

அல்ஃபோன்ஸ் முதலில் சிரிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்பவன்போல் நின்றான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தான்.

"பதினேழு வருஷம் காத்துப் பிரிவு. சொந்தப் பொண்டாட்டியைச் சுரங்கத்து நாலாவது மட்டத்துல உக்கார வெச்சுட்டான். மச்சான், விளக்கும் தொப்பியும் குடுத்தியா அவளுக்கு?"

"சிரி. நல்லா சிரி."

"சிரிக்காம? ஆடு அந்த இழுப்புல எரிஞ்சிருந்தா புகை எங்க போயிருக்கும்?"

"உள்ளதான். அதையும் யோசிச்சேன்" என்றான் எர்வின். கரிப்புகை என்ன செய்யும் என்று அந்த மூவருக்கும் தெரியும். அல்ஃபோன்ஸின் சிரிப்பு நின்றது.

ட்ரூடா நிமிர்ந்தாள். "சிமோன் கேட்டானே, கை வெச்சியான்னு."

"கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"நான் கெடுக்கிறவன் இல்லன்னேன்."

"ஆறு வாரம்" என்றாள் அவள். "ஆறு வாரமா நான் இருமறேன், நீ இறகைக் கட்டிக்கிட்டு அறை அறையா அலையற." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எர்வினுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அடுப்பைப் பத்த வைக்கட்டா வேண்டாமா?" என்றான் அல்ஃபோன்ஸ். "கையெல்லாம் கரி. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வா" என்றாள் ட்ரூடா. "உருளைக்கிழங்கு உருண்டையைத் தண்ணியிலேருந்து எடுக்கிற நேரத்துக்கு இங்க இருபது காட்டணும். காட்டலன்னா நானே பத்த வைக்கிறேன். அதுவரைக்கும் ஆட்டைத் திருப்பி டிக்கியிலயே வை."

"சுமந்துட்டு வந்தவனுக்கு ஒரு காப்பிகூட இல்லையா?"

"கைய கழுவிட்டு வா."

அன்று எர்வின் தகர மூடியைச் சுற்றிக் களிமண் பூசி அடைத்தான். இப்போது இறகைத் தள்ளுகிற துளைகளிலும் பிடித்துப் பார்த்தான். படுக்கையறையில் அது மெதுவாக அவன் பக்கம் சாய்ந்தது. வாசல் கதவு ஒரு விரலுக்குத் திறந்தது. சாயங்காலம் பதினேழேகால். படுக்கும்போது பதினேழரை. இதற்காகவா என்று இருந்தது. ட்ரூடா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவன் இருமலுக்காகக் காத்துக்கொண்டு படுத்திருந்தான். ஒருமுறை வந்தது. அப்புறம் வரவில்லை, அல்லது அவன் தூங்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்தபோது மைனஸ் பதினொன்று. கொட்டகைக் கூரையில் பூனை நின்றிருந்தது. உட்காரவில்லை. தன் இடத்தை முகர்ந்தது, முன்னங்காலால் தொட்டது, குழாய் வாயை நிமிர்ந்து பார்த்தது. பிறகு குதித்துப் போய்விட்டது. எர்வின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு ஏணியில் ஏறிக் கையை வைத்தான். ஜில்லென்று இருந்தது.

ஒரு மணிக்கு அல்ஃபோன்ஸ் வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் வெப்பமானி முன்னால் போய் நின்றான். ட்ரூடா உருளைக்கிழங்கு உருண்டைகளைக் கரண்டியால் அள்ளிக்கொண்டிருந்தாள். மாட்டிறைச்சிச் சுருளின் மணம் இருந்தது, ஆனால் கூடம்வரை போகவில்லை.

"பத்தொம்போது புள்ளி நாலு" என்று அவன் வாசித்தான். "ட்ரூடா, இருபது இல்ல. பேச்சுன்னா பேச்சு. போய் ஆட்டை எடுத்துட்டு வரட்டா?"

எர்வின் தட்டுகளை மேசையில் வைத்துக்கொண்டிருந்தான். 

ட்ரூடா கரண்டியை வைத்தாள். வந்து வெப்பமானியைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி இன்னொருமுறை பார்த்தாள். பிறகு மேல் ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றி, நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, உருண்டைகளிடம் திரும்பிப் போனாள்.

"உக்காருங்க, ஆறுது" என்றாள்.

சாப்பிட்டு முடித்தபின் அவள் குளியலறைக்குப் போய்ச் சிவப்பு நகப்பூச்சு எடுத்துவந்து எர்வினிடம் ஏணியைப் பிடிக்கச் சொன்னாள். அவளே பரணுக்கு ஏறினாள். பாதியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். பெட்டியின் முகத்தில், பொத்தான்களுக்கு மேலே, ஐம்பத்தைந்து என்று இரண்டு முறை எழுதினாள்.

"இதைத் தொட்டா கையை ஒடிப்பேன்" என்று மேலிருந்தே சொன்னாள். "திருநாள் வரட்டும், போப்பே வரட்டும், தொடக்கூடாது."

"நாத்தம் வந்தா?"

"ஜன்னலைத் திற. எல்லா மனுசங்களும் அதைத்தான் செய்றாங்க."

அல்ஃபோன்ஸ் கிளம்பியபோது இருவரும் வாசலில் நின்றார்கள். குச்செரா வீட்டுப் பூனை அவன் காரின் பானெட்மேல், இஞ்சின் சூடு மிச்சமிருந்த இடத்தில், நாலு காலையும் மடக்கி உட்கார்ந்திருந்தது. அவன் கையைத் தட்டினான். அது நகரவில்லை.

"இதை என்ன பண்றது மச்சான்?"

"டிக்கியில ஆடு இருக்குல்ல" என்றான் எர்வின். "அதோட சேர்த்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."